ராத்திரிச் சாப்பாட்டை விட்ட பதினாலு பேரு

பட்டா மாத்தவா வந்திருக்கீங்க? அப்போ சாயங்காலம் வரைக்கும் இந்தக் கலெக்டர் ஆபீசுலதான் தம்பி. பயங்காட்டலை, உள்ளதச் சொல்லுதேன். நானும் கவர்மெண்டுல முப்பத்தோரு வருசம் குப்பை கொட்டினவந்தான். எடை அளவு ஆய்வாளர். தராசத் தூக்கிப் பாக்க, படிக்கல்லுல முத்திரை இருக்கான்னு பாக்க, லிட்டர் கேனுக்குள்ள கள்ள அடி ஒட்டியிருக்கான்னு கையவிட்டுத் தடவ, இதான் சோலி. நான் தெருவுல நுழைஞ்சா மளிகைக்கடைக்காரன் எந்திரிச்சு நிப்பான். மரியாதைன்னுதான் நான் நெனச்சுக்கிட்டிருந்தேன். பேரு ஆவுடையப்பன்.

நம்ம மனு சொந்த மனு கிடையாது. பொதுநல மனு. எங்க காலனிப் பூங்காவுல நடைபாதை போட்டிருக்காங்கல்லா, அந்தப் பாதை ஆளைத் தள்ளுது. சிரிக்காதீங்க. ஆறு மாசத்துல மூணு பேரு விழுந்தாச்சு. மூணும் எங்க சங்கத்து ஆளுங்க. எந்தக் கல்லு எத்தன மில்லிமீட்டர் ஏறி நிக்கி, எது எறங்கி நிக்கின்னு ஸ்டீல் ஸ்கேல் வச்சு அளந்து, படம் போட்டு இணைச்சிருக்கேன். அளவுல எவனும் நம்மகிட்ட கைவைக்க முடியாது.

சங்கம்னா நடைப்பயிற்சிச் சங்கம். பதினாலு பேரு. எல்லாம் ரிட்டயர்டு கேஸு. காலையில அஞ்சரைக்கு நடப்போம். நடக்கோம்னு பேருதான். ரெண்டு சுத்து சுத்திட்டு, எதுத்தாப்ல வடைக்கடையில போயி உக்காந்துருவானுவ. ஆளுக்கு மூணு உளுந்தவடை, சட்னியில முக்கி. நடந்து கரைச்சது ஒரு வடை, உள்ள போனது மூணு. கணக்கு உதைக்குதுல்லா? என் மனசுக்கு ஒப்பவே இல்லை.

அப்பந்தான் போன்ல ஒரு வீடியோ வந்துது. வெள்ளைக்கோட்டு போட்ட ஒருத்தரு பேசுதாரு. டாக்டரான்னு கேட்டா, அது தெரியாது. கோட்டு நல்ல வெள்ளை. ‘அறுபது வயசுக்கு மேல ராத்திரிச் சாப்பாடு விஷம்’னு சொல்லுதாரு. என்ன தெளிவு, என்ன கம்பீரம்! மறுநாளே சங்கத்துல தீர்மானம் போட்டேன். இன்னையிலேருந்து ஒருத்தனும் ராத்திரி சாப்பிடக்கூடாது. ஏழு மணிக்கு ஒரு டம்ளர் மோரு, அரைக் கொய்யாப்பழம், அவ்வளவுதான்.

பொறவு ஒவ்வொரு வீடியோவா வந்துது. முட்டை சூடு, நிறுத்துனோம். பருப்பு வாய்வு, நிறுத்துனோம். பாலு சளி, அதையும் நிறுத்துனோம். சோத்த மத்தியானம் ஒரு கரண்டியாக் கொறைச்சோம். கடைசியில என்ன மிஞ்சுச்சுன்னா வெள்ளரிக்கா மிஞ்சுச்சு. அதுலயும் ஒருத்தன் வெதை ஆகாதுன்னான். அவன் கெடக்கான் கிறுக்கன், வெதையோட தின்னுங்கடேன்னு சொல்லிட்டேன். நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்லை பாத்துக்கிடுங்க.

ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எடை மிஷினத் தூக்கிட்டுப் போயி பூங்காவுல வைப்பேன். ஒவ்வொருத்தனா ஏறுவான். கொறைஞ்சா எல்லாரும் கைதட்டணும். கூடுனா தலையக் குனிஞ்சு ஓரமா நிக்கணும். எங்க வீட்டம்மா, பேரு கோமதி, அவ அந்தப் பக்கம் காய் வாங்க வந்தவ இதப் பாத்துட்டா. வீட்டுக்கு வந்து சொல்லுதா: “ஆயுசு பூரா எடை கொறைஞ்சா அபராதம் போட்ட மனுசன், இப்ப எடை கொறைஞ்சா கைதட்டுதீங்க. எதுல நீங்க சரி?”

அவளுக்கு விஞ்ஞானம் புரியாது. அவளும் அறுபத்தெட்டு முடிஞ்சவ. ஆனா ராத்திரி எட்டு மணிக்கு உளுந்தஞ்சோறு பொங்கி, எள்ளுத்தொவையல் வச்சு, நல்லெண்ணெய ஊத்திப் பெசைஞ்சு என் கண்ணு முன்னாலயே உருட்டி உருட்டித் திம்பா. நான் மோர் டம்ளரப் பிடிச்சுக்கிட்டு எதுத்தாப்ல உக்காந்திருப்பேன். அந்த மணம் இருக்கே தம்பி… சரி, அத விடுங்க.

எங்க சங்கத்துலயே பெரிய நட்சத்திரம் ஞானசிகாமணி. கூட்ஸ் வண்டியில கார்டா இருந்தவரு. என்னைய விட ஒரு வயசு மூப்பு, எழுபத்து மூணு. முப்பது வருசப் பழக்கம். சம்சாரம் போயி நாலு வருசமாச்சு, மக பெங்களூர்ல. தனியாத்தான் இருக்காரு. காலையில பதினோரு மணிக்கு ஒரு அம்மா வந்து சமைச்சு வச்சுட்டுப் போகும். நல்லாச் சாப்பிடுத ஆளு. கல்யாண வீட்டுல அவரு பக்கத்து எலையில உக்காந்தா நமக்குப் பாயாசம் வந்து சேராது.

அப்பேர்ப்பட்ட மனுசன் ஏழே மாசத்துல தொண்ணூத்தொண்ணுலேருந்து எழுவத்து நாலுக்கு வந்துட்டாரு. பதினேழு கிலோ! சட்டை ஹேங்கர்ல தொங்குதாப்ல தொங்கும். கால்சட்டைய நைலான் கயித்தால கட்டியிருப்பாரு. எனக்கு அவரப் பாக்கப் பாக்கப் பெருமை. பூங்காவுல வச்சுப் பொன்னாடை போத்தினேன். போத்துனதும் மனுசன் அப்படியே ரெண்டடி பின்னால தள்ளாடி, வேப்பமரத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. பொன்னாடையோட பாரம்னு யாரோ கேலி பண்ணினான். நான் ஆனந்தம்னு நெனச்சேன். இப்பவும் ஆனந்தந்தான்னு சொல்லுவேன்.

மொதல்ல விழுந்தது மைதீன் பாய். தையக்கடை வச்சிருந்தவரு. சர்க்கரை உண்டு. ராத்திரி மாத்திரைய மட்டும் ஒழுங்காப் போட்டுக்குவாரு, சாப்பாட்ட எனக்காக விட்டுருவாரு. ஒரு நாள் காலையில நடந்துக்கிட்டிருக்கும்போதே பேச்சு கொழறுது, வேர்த்து ஊத்துது, கால் பின்னுது, பொத்துன்னு விழுந்துட்டாரு. நெத்தியில நாலு தையல். நான் என்ன செஞ்சேன்? எல்லாரும் அவரத் தூக்கி, வாயில சர்க்கரையப் போட்டு, ஆட்டோவுல ஏத்தி அனுப்புதாங்க. நான் குனிஞ்சு கல்லப் பாத்தேன். மூணு மில்லிமீட்டர் ஏறி நிக்கி! பிடிச்சேன்ல்லா குற்றவாளிய!

அடுத்தது புலமாடன். மின்வாரியத்துல லைன்மேன். முப்பத்தஞ்சு வருசம் கம்பம் ஏறி எறங்கினவரு, ஒரு தடவ கூட சறுக்குனது கிடையாது. அவரு என்னடான்னா பெஞ்சுலேருந்து எந்திரிக்கும்போது அப்படியே முன்னால கவுந்துட்டாரு. மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. “கண்ணு இருட்டுச்சு, முட்டுல தெம்பே இல்லை”ன்னாரு. அது அவரோட அபிப்பிராயம். நான் பெஞ்சுக்கு முன்னால பாதையில சாய்மானம் இருக்கான்னு பாத்தேன். இருந்துது. எழுதிக்கிட்டேன்.

நானா? நான் விழலை. விழலைன்னா, தரையில விழலை. ஒரு நாள் காலையில ஒத்தக்கால்ல நின்னு கால்சட்டை மாட்டும்போது லேசா ஒரு ஆட்டம். கோமதி அந்தாக்குல ஓடி வந்து அக்குள்ல கையக் குடுத்து, ஒரு மூட்டையத் தூக்குதாப்ல தூக்கிக் கட்டில்ல போட்டா. சிலிண்டர ஒத்தையா உருட்டி வைக்கவ, அவளுக்கு நான் ஒரு கனமா?

“பூங்காக் கல்லு நம்ம படுக்கை அறைக்கும் வந்துட்டோ?”ன்னு கேட்டா.

“கால்சட்டை காலு குறுகல்டி. டெய்லர் தப்பு”ன்னேன்.

“தச்சது யாரு?”

“மைதீன் பாய்தான்.”

“அவருதான் நெத்தியில தையல் போட்டுக் கெடக்காருல்லா. அவரு மேலயே பழியப் போடுங்க”ன்னுட்டு, ஒரு கிண்ணத்துல பயறு அவிச்சு, தேங்காய்ப்பூ போட்டுக் கொண்டுவந்து வச்சா. நான் தொடலை. தலைவன் தொட்டா சங்கம் என்ன ஆவும்?

இப்ப ஞானசிகாமணி கதைக்கு வாரேன்.

அவரு மக பெங்களூர்லேருந்து வந்துட்டுப் போகும்போது ஒரு பெரிய டப்பா நெறைய முந்திரிக்கொத்து செஞ்சு வச்சுட்டுப் போயிருக்கு. அப்பா எளைச்சுட்டாரேன்னு. சிறுபயறு, வெல்லம், தேங்கா, எண்ணெயில பொரிச்சது. நம்ம விதிப்படி அத்தனையும் குத்தம். நான் அவரு வீட்டுக்குப் போனப்ப டப்பா மேசை மேலயே இருந்துது. நான் விடுவேனா? ஸ்டூலப் போட்டு ஏறி, சமையக்கட்டுப் பரண்ல, கடைசி மூலையில தள்ளி வச்சுட்டு எறங்கினேன். “கைக்கு எட்டுனாத்தானே வே ஆசை வரும்”னு சொன்னேன். அவரு ஸ்டூலப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு.

நாலு நாள் கழிச்சுக் காலையில பத்து மணி. மனுசனுக்குத் தாங்கலை. ஸ்டூலப் போட்டு ஏறியிருக்காரு. டப்பாவப் பிடிச்சுட்டாரு. எறங்கும்போது கால் வெடவெடன்னு ஆடியிருக்கு. அவ்வளவுதான். இடுப்பு எலும்பு ரெண்டாப் போச்சு. சமையல்கார அம்மா பதினோரு மணிக்கு வந்து பாத்தா தரையில கெடக்காரு. ஒரு மணி நேரம்! எந்திரிக்க முடியலை, போன் கூடத்துல இருக்கு, கத்துனா கேக்க ஆளில்லை. அந்த அம்மா சொல்லுச்சு, வாயோரத்துல மாவு ஒட்டியிருந்துதாம். இடுப்பு முறிஞ்ச மனுசன் தம்பி, தரையில கெடந்துக்கிட்டே மூணு முந்திரிக்கொத்து தின்னிருக்காரு! உறுதி இல்லாத ஆளு. அதான் சொல்லுதேன், கொள்கைன்னா சும்மாவா?

ஆபரேஷன் ஆச்சு. ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா. சின்னப் பொண்ணு, நம்ம பேத்தி வயசுதான் இருக்கும். “என்னங்கய்யா சாப்பிடுதீங்க?”ன்னு அவருகிட்ட கேட்டுது. அவரு வெள்ளரிக்காய்லேருந்து ஆரம்பிச்சு மோர் வரைக்கும் சொன்னாரு. ஒரு நிமிசத்துல முடிஞ்சு போச்சு. அந்தப் பொண்ணு பேனாவக் கீழ வச்சுட்டு, “இத யாரு சொன்னா?”ன்னு கேட்டுது. அவரு கண்ண மட்டும் என் பக்கம் திருப்பினாரு. துரோகம் பாருங்க.

என்னைய நிக்க வச்சே வகுப்பு எடுத்துது அந்தப் பொண்ணு. “வயசானவங்க பட்டினி கெடந்தா கொழுப்பு மட்டும் போகாதுங்கய்யா, சதையும் சேந்து போகும். இவரு தொடையப் பாருங்க, என் கை தண்டிதான் இருக்கு. கால் தட்டினா சமாளிச்சு நிக்க வைக்கதே அந்தச் சதைதான். அது இல்லைன்னா சின்னத் தட்டல் கூட ஆள விழுத்தாட்டிரும். எடை தன்னால கொறைஞ்சா பயப்படணும். நீங்க கைதட்டியிருக்கீங்க.” முட்டை, பயறு, பாலு, மீனு எல்லாம் மூணு வேளையும் கொஞ்சம் கொஞ்சமா வேணுமாம். வெயில்ல நிக்கணுமாம். காலுக்கு வேலை குடுக்கணுமாம்.

நான் பொறுமையாக் கேட்டுட்டு, “ஏம்மா, அந்த வெள்ளைக்கோட்டு வீடியோவ நீ பாத்தியா?”ன்னேன். பாக்கலைன்னுது. பாக்காம எப்படிப் பேச முடியுது, சொல்லுங்க?

ஆனா சனத்துக்கு அதுவே போதுமாப் போச்சு. மறுவாரம் எடை மிஷினத் தூக்கிட்டுப் போறேன், ஆறு பேருதான் நிக்கான். அதுக்கடுத்த வாரம் ரெண்டு பேரு. புலமாடன் கட்டுப்போட்ட கையோட ஆம்லெட் தின்னுக்கிட்டிருந்தத நானே கண்ணால பாத்தேன். கேட்டதுக்கு, “டபுள் ஆம்லெட் வே”ன்னு திருத்துதாரு! இப்ப எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்துல நடக்கானுவளாம். போன்ல தனியா ஒரு குரூப்பு. என்னையச் சேக்கலை. எவனோ கைதவறி அதோட அழைப்ப எனக்கு அனுப்பிட்டான், அதுலதான் தெரிஞ்சுது. குரூப்புக்குப் பேரு என்ன தெரியுமா? ‘மறுபடியும் வடை.’

அஞ்சரை மணிக்கு நான் மட்டும் போறேன். ஒத்தையா நடந்தா அந்தப் பாதை ரொம்ப நீளம் தம்பி. முன்னால ரெண்டு சுத்து வாயடிச்சுக்கிட்டே முடிஞ்சிரும். இப்ப ஒரு சுத்துக்குள்ள நாலு எடத்துல நிக்க வேண்டியிருக்கு. கல்லு அப்படி. அதான் இந்த மனு. பாதையச் சரிபண்ணிட்டா எல்லாரும் திரும்பி வந்துருவாங்கல்லா? வராம எங்க போவானுவ?

கையெழுத்துக்காகப் போன புதன்கிழமை ஞானசிகாமணி வீட்டுக்குப் போனேன். சமையக்கட்டு மேடையப் பிடிச்சுக்கிட்டு, குதிகால ஏத்தி ஏத்தி எறக்கிக்கிட்டிருந்தாரு. பக்கத்துல, பிடிச்சு நடக்கதுக்கு நாலு கால் வச்ச கம்பி. தட்டுல ரெண்டு அவிச்ச முட்டை, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை. முகத்துல கொஞ்சம் ரத்தம் ஓடியிருந்துது, பொய் சொல்லக்கூடாது.

மனுவ நீட்டுனேன். கண்ணாடியப் போட்டுப் படிச்சாரு.

“வே ஆவுடை, நான் விழுந்தது இந்தா இங்ஙனயில்லா? பூங்காவுல விழுந்ததா எழுதியிருக்கீரு?”

“பூங்கான்னு போட்டாத்தான் வே கேஸு பலமா இருக்கும்.”

“பரண்ல டப்பாவ வச்சது யாருன்னு போடலையே?”

அவரு கண்ணாடியக் கழட்டி வச்சுட்டாரு.

“உம்ம மேல கோவம் இல்லை வே. தனியா உக்காந்து திங்கவனுக்குச் சோத்த விடுதது ஒண்ணும் பெரிய விசயமில்லை. அவ போன பொறவு எனக்கு எதுவுமே எறங்கலை. நீரு ஞாயித்துக்கிழமை கைதட்டுனீரு பாத்தீரா, அதுக்காக விட்டேன். வாரம் பூரா அந்தக் கைதட்டலத்தான் வே நான் தின்னேன்.”

நான் சும்மா முட்டையப் பாத்துக்கிட்டிருந்தேன்.

“இன்னொண்ணு சொல்லட்டா? அன்னைக்கு இங்ஙன கெடந்தேம்லா, ஒரு மணி நேரம். வலி உசுரு போகுது. செத்துருவமோன்னு கூட நெனைக்கலை வே. நீரு வந்து பாத்தா வைவீரேன்னுதான் பயந்தேன். டப்பாவ மூடி, கையால தள்ளித் தள்ளி அடுப்பு மேடைக்கு அடியில ஒளிச்சு வச்சேன். எழுவத்து மூணு வயசுல.”

சொல்லிட்டுச் சிரிக்காரு தம்பி. நானும் சிரிக்கத்தான் பாத்தேன். சிரிப்பு பாதியிலேயே நின்னு போச்சு. காலையில குடிச்ச மோரு கொஞ்சம் திக்கு. அதுவாத்தான் இருக்கும்.

அவரு கையெழுத்துப் போடலை. மனுவுல தன் பேர ரெண்டு கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல ‘வீட்டில் விழுந்தார்’னு எழுதிக் குடுத்தாரு. நல்ல கையெழுத்து, கார்டு எழுத்து. “நாளைக்கு மத்தியானம் சாப்பிட வாரும் வே, மீன் கொழம்பு வைக்கச் சொல்லுதேன். நீரு சைவம், உமக்குத் தனியா கூட்டாஞ்சோறு”ன்னாரு.

நான் போகலை. எப்படிப் போவேன்? என்ன மூஞ்சியோட… இல்லை, கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்லா? கோமதி சொல்லுதா, “கொள்கையும் இல்லை, மண்ணும் இல்லை. மன்னிச்சுக்கிடும்னு ஒரு வார்த்தை வாயில வரலை உங்களுக்கு. அதுக்குப் பதிலா கலெக்டருக்கு ஆறு பக்கம் எழுதுதீங்க”ன்னு. பொம்பளைங்களுக்குப் பொதுநலம் புரியாது.

என்ன, என் பேரா கூப்புடுதான்? ஆவுடையப்பன்னுதானே சொன்னான்? இந்தா வந்துட்டேன் சார், வந்துட்டேன்!

பைய இப்படிக் குடுங்க தம்பி. இருங்க… ஒரு நிமிசம்… எளவு, எந்திரிக்க வரமாட்டேங்குதே. ஒரு கை குடுங்க. இல்லை, அக்குள்ல பிடிங்க, ஆங், அப்படித்தான். எனக்கு ஒண்ணும் இல்லை. ஆபீஸ் நாற்காலி ரொம்பத் தாழ்வு, பாத்தீங்களா, நாப்பது சென்டிமீட்டர் கூட இருக்காது. வயசாளிங்க வந்து போற எடம், இப்படியா போடுவாங்க? உங்ககிட்ட பேனா இருக்கா? இதையும் மனுவுல ஒரு வரி சேத்துருதேன். ஒத்தக் கையால எழுதிக்கிடுவேன். நீங்க பிடிச்ச பிடிய மட்டும் விட்டுராதீங்க.